உறை: வாசகர் கேள்விகளும் விடைகளும்

அகப்பாடல் ஒன்றில் தலைவன் தலைவிக்குக் ‘கையுறை’ கொண்டுவருவதாகப் படித்த கல்லூரி மாணவர் ஒருவர், அந்தக் காலத்திலேயே கைக்கு உறை அணியும் வழக்கம் இருந்ததா என்று சென்ற இதழில் கேட்டிருந்தார். தலைவன் அன்பின் அடையாளமாகக் கொண்டுவரும் தழை, பூ முதலிய காணிக்கைப் பொருளையே அப்பாடல்கள் கையுறை என்கின்றன என்றும், குளிருக்காகவும் தொழிலுக்காகவும் கையில் மாட்டிக்கொள்ளும் கையுறை இக்கால வழக்கு என்றும் விடை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் ‘உறை’ என்ற சொல்லைப் பற்றி அடுக்கடுக்காகக் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகள் ஆதலால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: உறை, மூடி, போர்வை, கவசம், விரிப்பு என்று மூடும் பொருள்களுக்குத் தமிழில் பல சொற்கள் உள்ளன. இவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் பயன்படுத்தலாமா? உறைக்கு மட்டும் உரிய பொருள் என்ன?
வாசகர், மதுரை

விடை: மாற்றிப் பயன்படுத்தினால் பொருள் கெடும். இவை எல்லாமே ஒன்றை மறைக்கின்றன அல்லது காக்கின்றன என்பது உண்மைதான் என்றாலும், எப்படி மறைக்கின்றன, எந்த அளவுக்கு மறைக்கின்றன என்பதில் ஒவ்வொரு சொல்லும் தனித்து நிற்கிறது. ஒரு பொருள் உள்ளே நுழைந்து தங்குவதற்கு இடம் கொடுத்து, அதைச் சுற்றிலும் பொதிந்து, பெரும்பாலும் அதன் வடிவத்தையே தானும் பெற்றிருப்பது உறை. வாள் உறைக்குள் செல்கிறது. தலையணை உறைக்குள் செல்கிறது. கடிதமும் கையும் காலும் அவ்வாறே உறைக்குள் செல்கின்றன. வாளை வெளியே எடுப்பதை ‘உறை கழித்தல்’ என்று பழந்தமிழ் சொன்னதும், உள்ளே வைப்பதை ‘உறையிலிடுதல்’ என்று நாம் இன்றும் சொல்வதும், நுழைதலும் வெளிவருதலும் இந்தச் சொல்லின் பொருளிலேயே அடங்கியிருப்பதால்தான்.

மூடி என்பது பாத்திரத்தின் அல்லது குப்பியின் வாயை அடைப்பது. அதற்குள் பொருள் தங்குவதில்லை. பேனாவின் முனையை மறைப்பதை மூடி என்கிறோம், பேனா முழுவதையும் வாங்கிக்கொள்ளும் தோல் பையை உறை என்கிறோம். இரண்டும் ஒரே பேனாவுக்கு உரியவை என்பதால் வேறுபாடு இங்கே நன்றாகத் தெரியும். போர்வை மேலே விழுந்து கிடப்பது, தனக்கென வடிவம் இல்லாதது. மெத்தையின் மேல் விரிப்பது விரிப்பு. மெத்தையையே உள்ளே நுழைத்து முடிச்சோ பொத்தானோ போடுவது மெத்தை உறை. துணிக்கடையில் இந்த இரண்டையும் ‘கவர்’ என்று கேட்டு வாங்கிவந்து, வீட்டில் பிரித்துப் பார்த்த பிறகு மாற்றுவதற்காகத் திரும்பிச் செல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சொல்லைச் சரியாகச் சொல்லியிருந்தால் அந்த நடை மிச்சமாகியிருக்கும்.

கவசம் என்ற சொல்லில் தாக்குதலைத் தடுக்கும் கருத்து முதன்மையானது. போர்வீரனின் மார்புக் கவசத்திலிருந்து இன்றைய தலைக்கவசம் வரை அதே கருத்துதான் தொடர்கிறது. 2020ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது முகத்தில் கட்டுவதற்கு ‘முகக்கவசம்’ என்ற பெயரும் கையில் மாட்டுவதற்குக் ‘கையுறை’ என்ற பெயரும் நாளிதழ்களிலும் அரசு அறிவிப்புகளிலும் ஒன்றாகவே புழங்கின. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யாமலேயே மொழி எவ்வளவு நுட்பமாகத் தேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்: முகம் எதற்குள்ளும் நுழைவதில்லை, மூக்கும் வாயும் தொற்றிலிருந்து காக்கப்படுகின்றன, ஆகவே அது கவசம், கையோ விரல் விரலாக உள்ளே நுழைகிறது, ஆகவே அது உறை.

கேள்வி: எங்கள் வீட்டில் பாலுக்கு ‘உறை ஊற்றுதல்’ என்போம். என் மாமியார் ‘உறை குத்துதல்’ என்பார். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த என் தோழி ‘பிரை’ என்கிறாள். தலையணை உறையும் தயிருக்கு ஊற்றும் உறையும் ஒரே சொல்தானா?
வாசகி, தஞ்சாவூர்

விடை: எழுத்தும் ஒலியும் ஒன்று, பொருளோ வேறு. தயிருக்கு ஊற்றும் உறை, ‘உறைதல்’ என்ற வினையோடு தொடர்புடையது. ஓடும் தன்மையுள்ள ஒன்று அந்த ஓட்டம் நின்று, அசையாமல் கெட்டிப்படுவதே உறைதல். பாலை உறையச் செய்வதற்காகச் சேர்க்கும் சிறிதளவு மோருக்கோ தயிருக்கோ, அது செய்யும் வேலையின் பெயரே பெயராக அமைந்துவிட்டது. உறை ஊற்றுதல், உறை குத்துதல், தோய்த்தல், பிரை ஊற்றுதல், புரை ஊற்றுதல் என எல்லாமே இந்த ஒரு செயலைக் குறிக்கும் நல்ல தமிழ் வழக்குகள்தாம். ஒரே வீட்டில் இரண்டு வழக்குகள் இருப்பதை மாற்ற வேண்டியதில்லை. மாமியாரின் சொல்லை அடுத்த தலைமுறையும் தெரிந்துவைத்திருக்கட்டும்.

பாலில் நிகழும் மாற்றத்தைத் தெரிந்துகொண்டால் இந்தச் சொல்லின் பொருத்தம் இன்னும் விளங்கும். உறைமோரில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் முதலிய பாக்டீரியாக்கள் பாலிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மை ஏறி, அதன் அளவீடான பிஹெச் 4.6க்கு அருகில் வரும்போது பாலிலுள்ள கேசின் என்ற புரதம் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகிறது. தண்ணீரும் கொழுப்பும் அந்த வலைக்குள் அகப்பட்டுக்கொள்வதால் பால் முழுவதும் ஒரே கட்டியாக நிற்கிறது. பால் மிகவும் சூடாக இருந்தால் அந்த நுண்ணுயிர்கள் அழிந்துவிடும். ஆறிக் குளிர்ந்துபோயிருந்தால் அவை மெதுவாகவே பெருகும். காய்ச்சிய பால், விரல் பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 40 முதல் 45 பாகை செல்சியசுக்கு, வந்த பிறகு உறை ஊற்ற வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். மார்கழியில் தயிர் தோய்வதற்குக் கூடுதல் நேரம் ஆவதற்கும் இதுவே காரணம்.

இங்கே இன்னொரு சொல்லையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். பழைய பாலைக் காய்ச்சும்போது அது நீர் வேறு கட்டி வேறாகப் பிரிந்துவிட்டால், ‘பால் உறைந்துவிட்டது’ என்று எவரும் சொல்வதில்லை. ‘திரிந்துவிட்டது’ என்றே சொல்கிறோம். புரதம் கட்டியாவது இரண்டிலும் உண்டு. ஆனால் பிரியாமல் முழுமையாக நிலைகொள்வது உறைதல், நிலை கெட்டுச் சிதறுவது திரிதல் என்று அடுப்படியில் பிறந்த சொற்கள் வேறுபாட்டைத் துல்லியமாகக் காட்டுகின்றன. சமையல் குறிப்புகளில் பனீர் செய்வதற்குப் பாலை ‘உறைய விடவும்’ என்று எழுதுகிறார்கள். அங்கே ‘திரிய விடவும்’ என்பதே பொருந்தும்.

தலையணை உறைக்கும் பால் உறைக்கும் வேர் ஒன்றாக இருக்குமா என்று சிலர் கேட்பார்கள். ‘உறைதல்’ என்பதற்குத் தங்குதல், வாழ்தல் என்ற பொருளும் இருப்பதால், வாள் தங்கும் இடம் உறை, பால் ஓட்டம் நின்று தங்குவது உறைதல் என்று இணைத்துக் காட்டுவது எளிது. பொருளில் அப்படி ஓர் ஒற்றுமை தோன்றுவது உண்மை. ஆனாலும் சொற்பிறப்பை அதை மட்டும் வைத்து முடிவு கட்டுவது முறையாகாது. பேச்சிலும் எழுத்திலும் இவற்றை வெவ்வேறு சொற்களாகக் கொள்வதே தெளிவு.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நாங்கள் காரமான கறியை ‘உறைப்பு’ என்போம். தமிழ்நாட்டு நண்பர்கள் இதைக் கேட்டு வியக்கிறார்கள். இது சரியான சொல்லா?
வாசகர், யாழ்ப்பாணம்

விடை: மிகவும் சரியான சொல். இது ‘உறைத்தல்’ என்ற வினையிலிருந்து வந்தது. உறைகிறது, உறைந்தது என்று நடப்பது ஒரு வினை; உறைக்கிறது, உறைத்தது என்று நடப்பது வேறு வினை. முன்னது கெட்டிப்படுவதையோ தங்குவதையோ குறிக்கும். பின்னது நாக்கில் சுள்ளென்று பதிவதைக் குறிக்கும். நாக்கில் மட்டுமல்லாமல் மனத்தில் பதிவதற்கும் அதே வினைதான்: ‘எத்தனை முறை சொன்னாலும் அவனுக்கு உறைக்கவில்லை’ என்று தமிழ்நாட்டிலும் நாள்தோறும் பேசுகிறோம். உங்கள் நண்பர்கள் இந்த வழக்கை நினைத்துப் பார்த்தால் வியப்பு அகன்றுவிடும். தமிழ்நாட்டிலும் சில குடும்பங்களிலும் வட்டாரங்களிலும் உறைப்பு என்பது மிளகாயின் சுவைக்குப் பெயராக இன்றும் வாழ்கிறது. பக்தியிலும் கொள்கையிலும் உறுதியாக நிற்பவரை ‘உறைப்புடையவர்’ என்று பழைய சமய உரைநடை சொல்லும். அங்கே ஆழமாகப் பதிந்த உறுதி என்பது பொருள்.

கேள்வி: நான் மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். இனப்பெருக்க நலம் பற்றிய பாடத்தில் ‘ஆணுறை’ என்ற சொல் வந்தால் வகுப்பில் சிரிப்பு எழுகிறது. சில ஆசிரியர்கள் அந்தப் பத்தியையே தாண்டிவிடுகிறார்கள். இப்போது ‘கையுறை’, ‘உறை’ என்று சொன்னாலும் மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். என்ன செய்யலாம்?
வாசகி, சேலம்

விடை: தாண்டிச் செல்வதுதான் அந்தச் சிரிப்பை வளர்க்கிறது. நீங்கள் தாண்டாமல் இருப்பதே பாராட்டுக்குரியது. வகுப்பில் வாளுறை, காலுறை, கடித உறை, தலையணை உறை, ஆணுறை என்று எல்லாச் சொற்களையும் கரும்பலகையில் ஒரே வரிசையில் எழுதி, இவை அனைத்திலும் உறை என்பது ஒரே பொருளில்தான் வருகிறது என்று ஒருமுறை விளக்கிவிடுங்கள். மாணவர்களுக்குத் தெரிந்த சொற்களின் நடுவே அந்தச் சொல்லும் தன் இடத்தில் வந்து நின்றுவிடும்.

இந்தியாவில் தேசியக் குடும்பநலத் திட்டம் 1952ஆம் ஆண்டில் தொடங்கியது. அரசே ஒரு நாடு தழுவிய திட்டமாக இதை மேற்கொண்டதில் உலகில் இந்தியாவே முன்னோடி. 1968ஆம் ஆண்டில் ‘நிரோத்’ என்ற பெயரில் மலிவு விலை ஆணுறைகள் நாடெங்கும் விற்பனைக்கு வந்தன. வடமொழியில் நிரோத் என்றால் தடுப்பு. நெடுங்காலம் மக்கள் அந்த வணிகப் பெயரையே பொருளின் பெயராகப் பேசினார்கள், அதையும் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். ஆணுறை, பெண்ணுறை என்ற சொற்கள் வந்த பிறகு, மருத்துவரும் ஆசிரியரும் செவிலியரும் கூச்சமில்லாமல் பேசுவதற்கு ஒரு மொழி கிடைத்தது. பொருள் என்ன என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. அதில் மறைபொருளும் இல்லை, கொச்சையும் இல்லை. எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பணியில் களத்தில் நின்றவர்களுக்கு இந்தச் சொல் எவ்வளவு உதவியது என்பது நன்றாகத் தெரியும். இப்படி அரிதாக அமைந்த ஒரு கண்ணியமான சொல்லை, சிரிப்புக்கு அஞ்சி நாம் கைவிடக் கூடாது.

கேள்வி: உதகையில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ‘பனிப்பொழிவு’ என்று செய்தி வருகிறது. வெளியூர் உறவினர்கள் இமயமலையைப் போல எங்கள் ஊரும் வெண்மையாகிவிட்டது என்று நினைத்துக் கிளம்பி வந்துவிடுகிறார்கள். சரியான சொல் எது?
வாசகர், உதகமண்டலம்

விடை: உதகையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான இரவுகளில் நீங்கள் காண்பது உறைபனி. வானத்திலிருந்து பஞ்சுபோல் இறங்குவது பனிப்பொழிவு. உறைபனி எங்கிருந்தும் பொழிவதில்லை. மேகமில்லாத இரவில் தரையும் புல்லும் வெப்பத்தை இழந்து 0 பாகைக்குக் கீழே குளிரும்போது, காற்றிலுள்ள நீராவி அவற்றின் மேலேயே பனிப்படிகமாகப் படிகிறது. பள்ளத்தாக்கிலும் நீரோடை ஓரங்களிலும் புல்வெளியிலும் அதிகமாகவும், மரத்தடியில் குறைவாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். காலை வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். ஆனால் அதற்குள் தேயிலைக் கொழுந்தும் காய்கறிப் பயிரும் கருகிப்போகும்.

உங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளையும் நாற்றுகளையும் கோத்தகிரி மிலார் என்ற செடியின் கிளைகளால் மூடிவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மூடாக்கு, செடியைச் சுற்றியுள்ள வெப்பம் இரவில் வெளியேறுவதைக் குறைத்து, உறைபனி இலைமேல் நேராகப் படியாமல் காக்கிறது. உறைபனியிலிருந்து காக்கும் அந்த மறைப்பை ‘உறை’ என்று சொல்ல முடியாது என்பதையும் இங்கே கவனிக்கலாம். மேலே சாத்தி வைப்பது மூடாக்கு. செடி எதற்குள்ளும் நுழைவதில்லை.

உறைதல் என்ற வினை வெப்பம் குறைவதால் கெட்டிப்படுவதற்கும், வேதிமாற்றத்தால் கெட்டிப்படுவதற்கும் பொதுவானது. தண்ணீர் 0 பாகையில் உறைகிறது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகையிலேயே உறையத் தொடங்குவதால் மார்கழியில் புட்டியை வெயிலில் வைக்கிறோம். காயத்திலிருந்து வரும் இரத்தம் உறைவதற்குக் குளிர் காரணம் ஆகாது. இரத்தத்திலுள்ள ஃபைப்ரினோஜன் என்ற கரையும் புரதம், ஃபைப்ரின் என்ற இழைகளாக மாறி வலை பின்னுவதே காரணம். காரணங்கள் வெவ்வேறாயினும், ஓட்டம் நின்றது என்ற விளைவைப் பார்த்தே தமிழ் பெயர் வைத்திருக்கிறது.

கேள்வி: கீழடியில் கிடைத்தது ‘உறைகிணறு’ என்று சிலர் எழுதுகிறார்கள், ‘உறைக்கிணறு’ என்று சிலர் எழுதுகிறார்கள். எது சரி? கிணற்றுக்கு உறை எதற்கு?
வாசகர், சிவகங்கை

விடை: ‘உறைக்கிணறு’ என்று ககர ஒற்று மிகுந்து வருவதே சரி. இதைச் சிறிய எழுத்துப் பிழை என்று விட்டுவிட முடியாது, ஏனெனில் ஒற்று இருப்பதும் இல்லாமல் போவதும் பொருளையே மாற்றிவிடும். உறை என்ற பெயர்ச்சொல்லும் கிணறு என்ற பெயர்ச்சொல்லும் சேர்ந்து ‘உறையால் அமைந்த கிணறு’ என்று விரியும்போது, அது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. அங்கே வல்லினம் மிகும். ஒற்று இல்லாமல் ‘உறைகிணறு’ என்று எழுதினால் அது உறைந்த கிணறு, உறைகின்ற கிணறு, உறையும் கிணறு என்று விரியும் வினைத்தொகை ஆகி, தண்ணீர் உறைந்துபோன கிணறு என்று பொருள்படும். உறைபனி என்பதில் ஒற்று மிகாததற்குக் காரணமும் அது வினைத்தொகை என்பதே. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் புறநகரைச் சொல்லும்போது ‘உறைக் கிணற்றுப் புறச்சேரி’ என்றே ஒற்றோடு பாடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கால வழக்கு நம் பக்கம் இருக்கும்போது அந்த ஒற்றை ஏன் விட வேண்டும்?

கிணற்றுக்கு உறை எதற்கு என்பது நல்ல கேள்வி. பாறையிலோ இறுகிய மண்ணிலோ தோண்டும் கிணறு தானாகவே நிற்கும். ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் மணற்பாங்கான நிலத்திலும் தோண்டத் தோண்டப் பக்கம் சரிந்துகொண்டே இருக்கும். அதனால் சுட்ட மண்ணால் அகன்ற வளையங்களைச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கினார்கள். வளையங்களின் உள்ளே உள்ள மண்ணை எடுக்க எடுக்க வளையங்கள் கீழே இறங்கும். மேலே புதிய வளையங்கள் சேரும். 2014-15ஆம் ஆண்டுப் பருவத்தில் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கி, பிறகு தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை தொடர்ந்த கீழடி அகழாய்வில் இத்தகைய கிணறுகள் வெளிப்பட்டன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டிலும் இவை கிடைத்துள்ளன. வைகைக் கரையிலும் கடலோரத்திலும் இவை இருப்பதற்கு மண்ணின் தன்மையே விளக்கம்.

இந்தத் தொழில்நுட்பமும் சொல்லும் அகழாய்வுக் குழிக்குள் மட்டும் இருப்பவை என்று எண்ண வேண்டாம். இன்று சுட்ட மண்ணின் இடத்தில் சிமெண்ட் வந்திருக்கிறது. கட்டுமானப் பொருள் விற்கும் இடங்களில் சாலையோரம் அடுக்கிவைத்திருக்கும் வட்ட வளையங்களைச் ‘சிமெண்ட் உறை’ என்றும், கிணற்றிலோ கழிவுநீர்க் குழியிலோ அவற்றைப் பொருத்துவதை ‘உறை இறக்குதல்’ என்றும் தொழிலாளர்கள் சொல்கிறார்கள். பட்டினப்பாலையின் சொல்லை இலக்கணம் படிக்காத கைகள் அதே பொருளில் அறுபடாமல் காத்துவந்திருப்பதை நினைக்கும்போது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாகிறது. வளையம், ‘ரிங்’ என்று மாற்றி எழுதும் செய்தியாளர்கள், அருகிலுள்ள கொத்தனாரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதினால் நல்லது.

கேள்வி: அலுவலகக் கடிதங்களில் ‘கவர்’ என்று எழுதலாமா, ‘உறை’ என்றுதான் எழுத வேண்டுமா?
அரசு ஊழியர், திருநெல்வேலி

விடை: எழுத்தில் உறை என்றே எழுதுங்கள். ‘உறையின் மேல் விண்ணப்பிக்கும் பதவியின் பெயரைக் குறிப்பிட வேண்டும்’, ‘சுய முகவரியிட்டு அஞ்சல்தலை ஒட்டிய உறை இணைக்கப்பட வேண்டும்’ என்ற தொடர்கள் அறிவிப்புகளில் நன்றாக நிலைபெற்றுவிட்டன. அஞ்சல்தலை வெளியாகும் நாளிலேயே அதன் முத்திரையோடு வரும் ‘முதல் நாள் உறை’ சேகரிப்பாளர்களுக்குப் பழகிய சொல். நீதிமன்றச் செய்திகளில் வரும் ‘மூடி முத்திரையிட்ட உறை’ என்பதும் அப்படியே. எதிர்த்தரப்புக்குக் காட்டாமல் இத்தகைய உறையில் ஆவணங்களை நீதிபதிகளிடம் மட்டும் கொடுக்கும் முறை இயற்கை நீதிக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் ஒரு மலையாளத் தொலைக்காட்சி நிறுவனத்தின் வழக்கில் 2023 ஏப்ரலில் கூறியபோது, தமிழ் நாளிதழ்கள் சிலவற்றில் ‘சீலிட்ட கவர்’ என்று வந்தது. தீர்ப்பின் மொழி அவ்வளவு கவனமாக இருக்கும்போது, அதைச் சொல்லும் தமிழிலும் அதே கவனம் வேண்டும் என்று விரும்புகிறேன்.

பேச்சில் கவர் என்று சொல்பவர்களைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆயினும் எழுத்தில் ஒரு தடுமாற்றம் வரும். ‘கவர்’ என்பது பிடித்துக்கொள், ஈர்த்துக்கொள் என்ற பொருளில் நம்முடைய பழைய வினைச்சொல். ‘கனியிருப்பக் காய்கவர்ந் தற்று’ என்பது எல்லாரும் அறிந்த குறள். ‘வண்ணக் கவர்’ என்று தலைப்பில் பார்த்தால், ஒரு கணம் எதைச் சொல்கிறார்கள் என்று நிற்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: அப்படியானால் கடையில் பொருள் போட்டுக் கொடுக்கும் ‘கவர்’ உறையா?
வாசகி, சென்னை

விடை: இல்லை, அது பை. காய்கறிக்கும் மளிகைக்கும் ஏற்ற வடிவம் அதற்குக் கிடையாது. எதைப் போட்டாலும் வாங்கிக்கொண்டு தூக்கிச் செல்ல உதவுவது பை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய துணிப்பை இயக்கத்துக்கு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று பெயர் வைத்தபோது பை என்ற சொல்லுக்கும் மறுவாழ்வு கிடைத்தது. பாலை அடைத்து வருவதைப் ‘பால் கவர்’ என்பதற்குப் பதிலாகப் ‘பால் பை’, ‘பால் பாக்கெட்’ என்று பலரும் சொல்வது போதுமானது.

கேள்வி: குழந்தைகளுக்குக் கொடுப்பது ‘உறை மாத்திரை’யா, ‘உரை மாத்திரை’யா?
வாசகி, கோயம்புத்தூர்

விடை: உரை மாத்திரை, இடையின ரகரம். கல்லில் தேய்த்துக் குழைத்துக் கொடுப்பதால், தேய்த்தல் என்ற பொருளுடைய ‘உரைத்தல்’ அதன் அடிப்படை. பொன்னின் மாற்றை அறிய உதவும் உரைகல்லிலும் இதே சொல்தான். உறைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

கேள்வி: ‘முறைகோடி மன்னவன் செய்யின் உறைகோடி ஒல்லாது வானம் பெயல்’ என்ற குறளில் வரும் உறை எது? உறையூரில் இருப்பதும் அதுவா?
வாசகர், திருச்சிராப்பள்ளி

விடை: அந்தக் குறளில் உறை என்பது மழை, பருவத்தில் பெய்ய வேண்டிய மழை என்று உரையாசிரியர் பொருள் கொள்வர். மழைத்துளிக்கு உறை என்று ஒரு பழம்பெயர் உண்டு. இன்று அது பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. உங்கள் ஊரை ஒட்டியுள்ள, சோழர் தலைநகராக இருந்த உறையூரில் வருவது தங்கி வாழ்தல் என்னும் உறைதல் என்று விளக்குவது வழக்கம். ‘வானுறையும் தெய்வம்’ என்று வள்ளுவர் சொல்வதும், மலைப்பகுதிகளில் பழங்குடி மாணவர்களுக்காக அரசு நடத்தும் ‘உண்டு உறைவிடப் பள்ளி’ என்ற பெயரில் இருப்பதும் இந்த உறைதலே.

கேள்வி: பெங்களூரில் என் அண்டை வீட்டார் கன்னடத்திலும் தெலுங்கிலும் இதைப் போன்ற சொல் இருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையா?
வாசகர், பெங்களூரு

விடை: உண்மை. வாளின் உறைக்குக் கன்னடத்தில் ‘ஒரெ’ என்றும் தெலுங்கில் ‘ஒர’ என்றும் பெயர். ஓர் உறையில் இரண்டு கத்திகள் இருக்க முடியாது என்ற பழமொழி தமிழிலும் தெலுங்கிலும் ஒரே வடிவில் வழங்குகிறது. மலையாளத்தில் ‘உற’ என்ற ஒரே வடிவம் தலையணை உறைக்கும், கிணற்று உறைக்கும், பாலுக்கு ஊற்றும் உறைக்கும் வருகிறது. தஞ்சாவூர் வாசகி தம் கேள்வியைப் பாலக்காட்டில் கேட்டிருந்தாலும் அதே சொல்லை வைத்துத்தான் கேட்டிருப்பார்.

கேள்வி: பள்ளிப் புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் போடுவதை ‘உறை போடுதல்’ என்று என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?
வாசகர், விருதுநகர்

விடை: ‘அட்டை போடுதல்’ என்று அவள் பள்ளியில் பேசுவதே வழக்கிலுள்ள நல்ல தமிழ், அதை மாற்ற வேண்டாம். அச்சிட்ட நூலின் கெட்டி அட்டைக்கு மேலே கழற்றி மாட்டும்படி வரும் தாளை மட்டும் ‘மேலுறை’ என்று சொல்லிக்கொடுங்கள். நூலகத்துக்கு அழைத்துச் செல்லும் நாளில் அவளே இரண்டையும் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.